பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

வீட்டிலேயே ஜெட் கார் செய்வது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். முடிவெடுத்த விதமும் சரிதான்: இரவு பதினொன்றரை மணி, மல்லாந்து படுத்த நிலை, கையில் போன், அதில் மூன்று நிமிட வீடியோ. முதல் நிமிடம் ஒருவர் குழாயை வெல்டிங் செய்கிறார். இரண்டாம் நிமிடம் அதிலிருந்து நெருப்பு வருகிறது. மூன்றாம் நிமிடம் அதன்மேல் உட்கார்ந்து போகிறார். நடுவில் அவர் பாழாக்கிய என்ஜின்களையும் தின்ற மாதங்களையும் அவரே வெட்டி எறிந்துவிட்டார். அவருக்கே வேண்டாம் என்று தோன்றியது உங்களுக்கு எதற்கு?

தகுதி இருக்கிறதா என்று யோசிக்காதீர்கள். போன தீபாவளிக்கு மிக்ஸியைப் பிரித்தவர் நீங்கள். அது இன்னும் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கிறது. ஆனாலும் பிரித்தது பிரித்ததுதானே.

படி 1: பொய்க் கதையிலிருந்து தொடங்குங்கள்

அரிசோனா பாலைவனத்தில் ஒருவன், கனத்த ராணுவ விமானங்களை ஓடுபாதையிலிருந்து உந்திக் கிளப்பும் ராக்கெட்டை செவர்லே காரில் கட்டிப் பற்றவைத்தானாம். கார் எழும்பிப் பறந்து மலையில் மோதி, கரித்தடம் மட்டும் மிஞ்சியதாம். 1990களில் மின்னஞ்சலில் சுற்றிய கதை. உங்களுக்குச் சித்தப்பாவின் வாட்ஸ்அப் வழியாக வந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அரிசோனா போலீஸ் மறுத்துவிட்டது. 2003இல் ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு பழைய இம்பாலாவின் மேல் ராக்கெட்டுகளைக் கட்டி ஓட்டியும் பார்த்தார்கள். கார் வேகமாகப் போனது. பறக்கவில்லை.

இதிலிருந்து நீங்கள் பெற வேண்டிய பாடம் தெளிவானது. செத்தவன் கதை பொய் என்றால், செத்ததும் பொய். மேலே போவோம்.

படி 2: குருவைத் தேர்ந்தெடுங்கள், பாதியளவு

ஆர்ட் ஆர்ஃபன்ஸைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊர்க்காரர். குடும்பத் தொழில் தீவன ஆலை. 1952இல் அவர் கட்டிய முதல் வண்டிக்கு மூன்று சக்கரம், ஓல்ட்ஸ்மொபைல் என்ஜின், டிராக்டருக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்ட். அதைப் பார்த்த பந்தய அறிவிப்பாளர் சிரிப்பு தாளாமல் ‘கிரீன் மான்ஸ்டர்’ என்று கூவினார். ஆர்ஃபன்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னால் கட்டிய வண்டிகளுக்கெல்லாம் அதே பெயரை வைத்தார். 1964 அக்டோபரில் அந்தப் பெயர் தாங்கிய ஜெட் கார் ஒன்று மணிக்கு 863 கி.மீ. வேகத்தில் போய் உலகச் சாதனை படைத்தது.

‘இன்ஜினியரிங் படிக்காதவர், கொல்லைப்புறத்திலேயே செய்தார்’ என்ற வரியைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். போர்க்காலத்தில் கடற்படையில் டீசல் மெக்கானிக்காக இருந்ததும், ஜெட்டைத் தொடும் முன்பு பல வருடம் விமானங்களின் பிஸ்டன் என்ஜின்களோடு மல்லுக்கட்டியதும் சட்டத்துக்கு வெளியே நிற்கட்டும். சுவரில் இடமில்லை.

படி 3: என்ஜின் வாங்குங்கள்

குரு வாங்கியது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜே79. எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தில் இருந்த அதே என்ஜின். ஆஃப்டர்பர்னரோடு எட்டு டன்னை நெருங்கும் உந்துவிசை. காயலான் வியாபாரியிடம் 600 டாலருக்குக் கிடைத்தது. உள்ளே ஏதோ புகுந்து பிளேடுகளைச் சிதைத்திருந்ததால் அந்த விலை. ஆர்ஃபன்ஸ் அடிபட்ட பிளேடுகளைக் கழற்றினார். சுழலும்போது எடை ஒருபக்கம் சாயக் கூடாதே என்று, நேர் எதிரே இருந்த நல்ல பிளேடுகளையும் கழற்றினார். இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் படிக்கவில்லை.

உங்களுக்கு ஜே79 கிடைக்காது. லாரி டர்போ கிடைக்கும். ஒரு முனையில் காற்றை அமுக்கும் சக்கரம், மறுமுனையில் சூடான புகையால் சுற்றும் சக்கரம், இரண்டையும் இணைக்கும் ஒரே தண்டு. நடுவில் நெருப்பை வைத்தால் போதும், சின்ன ஜெட் என்ஜின்தான் அது. வீட்டுப் பட்டறைக்காரர்களில் பல பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். காயலான் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதைக் கைகாட்டுங்கள். தண்டு ஆடுகிறதா, பிளேடு நெளிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்காதீர்கள். கடைக்காரர் மனம் புண்படும். “ஓடிட்டிருந்த வண்டிலேருந்து கழட்டினது சார்” என்பார். நம்புங்கள். எல்லா வண்டியும் நிற்கிறவரை ஓடிக்கொண்டிருந்தவைதான்.

படி 4: கையேட்டைத் தொடாதீர்கள்

ஆர்ஃபன்ஸ் கையேடு இல்லாமலே ஜே79ஐச் சரிசெய்தார். கேட்காமல் இல்லை. கேட்டார், அது ராணுவ ரகசியம், கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். அவர் அந்த என்ஜினை வைத்திருந்ததே என்ஜின் செய்த கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் பிடிக்கவில்லை.

அவர் கெஞ்சியும் கிடைக்காதது உங்களுக்குப் போனிலேயே இருக்கிறது: டர்போ தயாரித்தவர்களின் அளவுகள், பிறர் போட்ட கணக்குகள், பிறர் பட்ட அவஸ்தை. இத்தனை சுலபமாகக் கிடைக்கிற பொருளுக்கு மதிப்பு இருக்குமா? மூடிவையுங்கள். கையேட்டைப் படிப்பது குருவுக்குச் செய்யும் துரோகம்.

படி 5: நெருப்புக் குடுவையை உத்தேசமாகச் செய்யுங்கள்

இதுதான் என்ஜினின் வயிறு. வெளியே ஓர் உருளை. உள்ளே துளையிட்ட இன்னோர் உருளை. அமுக்கப்பட்ட காற்று துளைகள் வழியே உள்ளே போகிறது, எரிபொருள் அங்கே எரிகிறது. முன்புறத் துளைகள் எரிவதற்கு. பின்புறத் துளைகள், எரிந்த காற்று டர்பைனைத் தொடும் முன்பு அதைத் தணிப்பதற்கு. எந்த இடத்தில், எத்தனை துளை, என்ன அளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உங்களிடம் ட்ரில் இருக்கிறது. பிட் உடையும்வரை போடுங்கள். உடைந்த இடமே அளவு.

பிறகு வால் பக்கத்திலிருந்து மூன்றடி நீளத்துக்கு நெருப்பு வரும். எரிந்து முடிக்க வேண்டிய எரிபொருள் குடுவைக்குள் முடிக்காமல் டர்பைனைத் தாண்டி வெளியே எரிகிறது என்று அர்த்தம். அதாவது டர்பைன் சக்கரம் இப்போது அடுப்புக்குள் இருக்கிறது. பொருட்படுத்தாதீர்கள். புகைப்படத்தில் அதுதான் அழகாக விழும். நெருப்பே தெரியாமல் ஒழுங்காக ஓடும் ஜெட் என்ஜினை யாரும் லைக் செய்ததில்லை.

வெப்பமானி பொருத்துவது உங்கள் விருப்பம். பொருத்தினால், பார்க்காத இடத்தில் பொருத்துங்கள்.

படி 6: தையல் மெஷின் எண்ணெய்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுவரை சுற்றும். அந்த வேகத்தில் அதைத் தாங்குவது உலோகம்கூட இல்லை. அழுத்தத்தோடு ஓயாமல் ஓடும் எண்ணெயின் மெல்லிய படலம். அதற்கென்று ஒரு பம்ப், ஒரு வடிகட்டி, ஓர் அழுத்தமானி என்று பட்டியல் நீளும். நீங்களோ அலமாரியில் இருக்கும் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து நாலு சொட்டு விடுங்கள். அம்மாவின் மெஷினுக்கு அதுதானே விட்டோம், முப்பது வருடம் ஓடியதே.

என்ஜினை நிறுத்தியதும் எண்ணெயையும் நிறுத்திவிடுங்கள். சூடு ஆறும்வரை ஓடவிட வேண்டும் என்பார்கள். எண்ணெய் விற்கிற விலைக்கு?

படி 7:

இந்தப் படியையும் எழுதியிருந்தேன், காணவில்லை. பரவாயில்லை. பூட்டி முடித்தபின் உங்கள் கையிலும் ஒரு போல்ட்டும் இரண்டு வாஷரும் மிஞ்சும். வண்டி கிளம்பாமலா போகப்போகிறது?

படி 8: மரத்தில் கட்டுங்கள்

ஆர்ஃபன்ஸ் தன் ஜே79ஐக் கொல்லைப்புறத்து மரத்தோடு பிணைத்துவைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார். நீங்களும் மரத்தில் கட்டுங்கள். கொல்லையில் இருப்பது முருங்கை. பிஞ்சுக் காயைப் பறிக்கச் சாய்ந்தாலே முறிகிற மரம்தான். ஆனால் மரம் என்றால் மரம். கயிற்றுக்கு, துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியையே தாங்குகிறது.

பற்றவைக்கும் முறை எளிது. தோட்டத்து இலை ஊதும் ப்ளோயரை முன்வாயில் வைத்து ஊதிச் சக்கரத்தைச் சுற்றவிடுங்கள். சுற்று ஏறிய பிறகு எரிவாயுவைத் திறக்க வேண்டும் என்பது முறை. நீங்கள் முதலில் எரிவாயுவைத் திறந்து, அது உள்ளே நன்றாக நிறைந்தபின் தீப்பொறியைத் தேடுங்கள். அந்த ‘டொம்’மில் தெருவே வெளியே வந்து நிற்கும். வேலையை ரகசியமாகச் செய்கிறீர்கள் என்ற கெட்ட பெயர் அத்தோடு போயிற்று.

நிற்கும் இடம் முக்கியம். சக்கரம் வெடித்தால் துண்டுகள் சக்கரம் சுற்றும் தளத்திலேயே, பக்கவாட்டில் தெறிக்கும். தெரிந்தவர்கள் அந்தக் கோட்டில் யாரையும் நிற்கவிடமாட்டார்கள். அங்கே நின்றால்தான் வீடியோ நன்றாக வரும் என்பதால் மச்சானை அங்கே நிறுத்துங்கள். காதில் பஞ்சு வேண்டாம். அவர் சொல்லும் எச்சரிக்கை உங்களுக்குக் கேட்க வேண்டுமே. என்ஜின் ஓடும்போது எப்படியும் கேட்காது, அது வேறு.

படி 9: வண்டியைக் கட்டுங்கள்

ஜெட் காரின் பெரிய வசதி, என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. பின்னால் காற்றைத் தள்ளுகிறது, வண்டி முன்னால் போகிறது. சக்கரங்கள் கீழே சும்மா உருண்டுகொண்டு வருகின்றன. எத்தனை சக்கரம் என்பதை, கொட்டகையில் எத்தனை கிடக்கின்றன என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. கலிஃபோர்னியாக்காரர் கிரெய்க் ப்ரீட்லவ், ஒரு காலத்தில் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர், 1963 ஆகஸ்டில் ‘ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா’ என்ற ஜெட் வண்டியில் மணிக்கு 655 கி.மீ. போனார். வண்டிக்கு மூன்றே சக்கரம். இது காரே இல்லை என்று கார்ப் பந்தயச் சம்மேளனம் கைவிரித்தது. மோட்டார் சைக்கிள் சம்மேளனம், எங்கள் கணக்கில் வைத்துக்கொள்கிறோம் என்று ஏற்றுக்கொண்டது. முந்தின வருடம் அதே வண்டியை, திருப்ப முடிகிற முன்சக்கரம் இல்லாமலே யூட்டாவின் பானவில் உப்புவெளிக்குக் கொண்டுபோயிருந்தார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் முன்சக்கரம் திரும்பியது, பின்னால் வாலும் முளைத்தது.

நீங்கள் அந்த முந்தின வருடத்திலேயே நின்றுவிடுங்கள். ஜெட் கார் நேராகத்தானே போகப்போகிறது.

ஸ்டியரிங் இருந்தே தீர வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், பின்சக்கரத்தில் வையுங்கள். 1997 அக்டோபர் 15 அன்று நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டி, மணிக்கு 1,228 கி.மீ. போன பிரிட்டன் கார் ‘த்ரஸ்ட் எஸ்எஸ்சி’க்குப் பின்சக்கரத்தில்தான் ஸ்டியரிங். அவர்கள் அந்த யோசனையை முதலில் ஒரு மினி காரில் செய்து பார்த்து, அதன் பிறகு போர் விமானி ஆண்டி கிரீனை உட்காரவைத்தார்கள். உங்களிடம் மினியும் இல்லை, விமானியும் இல்லை. இரண்டு செலவு மிச்சம்.

டயர்? தேய்ந்த டயர் வழுவழுப்பாக இருக்கும், காற்றை எதிர்க்காது. 1965இல் ஆர்ஃபன்ஸ் மணிக்கு 927 கி.மீ. சாதனை படைத்த ஓட்டத்திலேயே பின் டயர் வெடித்தது. அவருடையது அந்த வேகத்துக்கென்றே ஃபயர்ஸ்டோன் செய்து கொடுத்தது. அதுவே வெடிக்கிறது என்றால், புது டயர் வாங்குவது வீண் செலவு என்று நிரூபணமாகிவிட்டது.

படி 10: இடத்தைப் பிடியுங்கள்

ஆர்ஃபன்ஸும் ப்ரீட்லவும் பானவில் உப்புவெளிக்குப் போனதற்குக் காரணம், கண்ணுக்கெட்டும்வரை தட்டையாக, காலியாக இருப்பது. உங்களுக்கு ஊருக்கு வெளியே புதிதாகத் தார் போட்ட சாலை இருக்கிறது. ஒரு வேகத்தடை, இரண்டு ஆடு, ஒரு தேநீர்க் கடை. பழகிய இடம் என்பதே பாதிப் பாதுகாப்பு.

போட்டியாளர் வந்துவிட்டால் என்ன செய்வது? 1965 நவம்பரில் ப்ரீட்லவ் அந்தச் சிக்கலைக் குடும்பத்துக்குள்ளேயே தீர்த்தார். உப்புவெளி அவர் பெயரில் முன்பதிவாகியிருந்தது. வெளியே ஆர்ஃபன்ஸ் காத்திருந்தார். தடத்தைக் காலி செய்யாமல் நாளைக் கடத்த, மனைவி லீயை ஜெட் காரில் ஏற்றிவிட்டார். அந்த அம்மாள் மணிக்கு 496 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கினார். மணிக்கு 300 மைலைத் தாண்டிய முதல் பெண். இந்த மொத்தக் கூட்டத்தில் எனக்கு அவர்மேல்தான் மரியாதை அதிகம். மற்றவர்கள் வருடக்கணக்கில் தயாரானார்கள், இவரை இடம் பிடிக்க உட்காரவைத்தார்கள், பேருந்து சீட்டில் துண்டு போடுவதுபோல.

உங்கள் மனைவியிடம் இந்த யோசனையைச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது கதவுக்கு அருகில் நின்றுகொள்ளுங்கள்.

ஒரு விதியும் உண்டு. சாதனை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்பவும் ஓட்ட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. திரும்பி வருவதைப் பற்றி நாம் இந்தக் கட்டுரையில் எங்கும் திட்டமிடவில்லை.

படி 11: பிரேக்

இதோ வந்துவிட்டோம். பணம் தீர்ந்தபின், கடைசி வாரத்தில், சைக்கிள் கடையில் வாங்கிப் பொருத்துங்கள்.

வேகம் இரட்டித்தால் வண்டிக்குள் இருக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அத்தனையையும் பிரேக் சூடாக மாற்றித் தொலைக்க வேண்டும். அதனால் ஜெட் கார்க்காரர்கள் பாராசூட்டைத்தான் முதலில் விரிப்பார்கள். வேகம் நன்றாகத் தணிந்தபின்தான் பிரேக்கில் கால் வைப்பார்கள். இன்னொன்று: ஜெட் என்ஜினை மூடியதும் அது உடனே நிற்காது. சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் ஓயும்வரை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் அடங்கும், சண்டை முடிந்தபிறகும் வாசல்வரை வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற உறவினர்போல.

1964 அக்டோபர் 15 அன்று ப்ரீட்லவ் மணிக்கு 846 கி.மீ. சராசரியில் சாதனை படைத்தார். அதன் பிறகு நிற்க வேண்டியிருந்தது. பாராசூட்டுகள் பிய்த்துக்கொண்டு போயின. பிரேக்கை மிதித்தார், எரிந்துபோனது. வண்டி தடத்தை விட்டு விலகி, தந்திக்கம்ப வரிசையில் புகுந்து முறித்து, ஒரு கரைமேல் ஏறி எகிறி, மறுபுறம் இருந்த உப்புநீர்க் குட்டைக்குள் மூக்கு குத்தி மூழ்கியது. அவர் நீந்திக் கரையேறினார். அடுத்த வித்தையாக என்னை நானே கொளுத்திக்கொள்ளப்போகிறேன் என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். முன்னாள் தீயணைப்புக்காரர் என்பதை நினைவில் வையுங்கள்.

அவருக்கு இரண்டு வசதி இருந்தது: மைல்கணக்கில் காலியிடம், முடிவில் ஒரு குட்டை. ஆகவே, பாராசூட்டைப் பாட்டியின் பழைய சின்னாளப்பட்டுச் சேலையில் தையுங்கள். சாலை முடிகிற இடத்தில் குளம் இருக்கிறதா என்று பாருங்கள். நீந்தத் தெரியாது என்றால், கோடையில் ஓட்டுங்கள்.

படி 12: ஓட்டுங்கள்

மேலே சொன்ன அத்தனையையும் குரு சரியாகச் செய்தவர் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். 1966 நவம்பர் 17. மணிக்கு 980 கி.மீ. அளவில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சக்கரத்தின் பேரிங் இறுகி நின்றுவிட்டது. எட்டு டன் உந்துவிசைக்கும் போர் விமான என்ஜினுக்கும் எதிராக, ஒரு பேரிங். கிரீன் மான்ஸ்டர் உருண்டு உருண்டு உப்புவெளி நெடுக இரைந்து கிடந்தது. ஓட்டியவர் பிழைத்தார், அவர் உட்கார்ந்திருந்த கூண்டை அவரே அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தார். அந்தக் கூண்டுக்கு நாம் படி எதுவும் ஒதுக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

பேரிங் உங்களிடமும் இருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் போட்டிருக்கிறீர்கள். கிளம்புங்கள்.

பாதி வழியில் ஒரு சத்தம் கேட்கும். என்னவென்று தெரியாது, எங்கே தேடுவது என்றும் தெரியாது. அந்தக் கையேட்டை ஒருமுறையாவது புரட்டியிருக்கலாமே என்று அப்போது தோன்றும். மனதைத் தளரவிடாதீர்கள். ஆர்ஃபன்ஸ் 2007 டிசம்பரில் 81 வயதில் காலமானார். அடக்கம் செய்தபோது கைகளில் ஸ்பேனர்களை வைத்தார்கள். ஒரு ஜாடியில் பானவில் உப்பு வைத்தார்கள். கூடவே, அன்றைக்குக் கொடுக்கவே முடியாது என்ற அந்த ஜே79 என்ஜினின் கையேட்டையும் வைத்தார்கள்.

உங்களுக்கும் நிதானமாகப் படிக்க நேரம் கிடைக்கும்.